கார்னர் வாத்தியார்

கபடியில் கைதட்டல் எல்லாம் பாடிப் போகிறவனுக்குத்தான். அவன் தொடையைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போதே விசில் பறக்க ஆரம்பித்துவிடும். எதிரே பிடிக்க நிற்கிற ஏழு பேரைக் கூட்டம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. எனக்கோ அந்த ஏழு பேரைப் பார்ப்பதில்தான் ருசி. அவர்களை அப்படி நிற்கப் பழக்கிய ஆளைப் பார்ப்பதில் இன்னும் கொஞ்சம் கூடுதல் ருசி.

கலசப்பாக்கம் பக்கத்து ஊர்களில் இதைப் பார்க்கத் தை மாதம்தான் தோது. ஒரு பக்கம் பர்வதமலை, மறுபக்கம் ஜவ்வாது மலையில் பிறந்து இறங்கிவரும் செய்யாறு. ரதசப்தமிக்கு அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து கிளம்பிவந்து தீர்த்தவாரி காண்கிற ஆறு இதுதான். அறுப்பு முடிந்த நிலமோ பள்ளிக்கூட மைதானமோ கிடைத்தால் போதும், சுண்ணாம்புக் கோடு, நாலு விளக்கு, மைக் செட் வந்துவிடும். மைக்கில் பேசுகிறவர் பாடிப் போகிற ரைடரின் பேரைத்தான் இழுத்து இழுத்துச் சொல்வார். நான் பார்க்கச் சொல்வது கடைக்கோட்டுக்கு வெளியே, மூலையை ஒட்டி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டிருக்கும் நாற்பது வயசுக்காரரை. அவர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது ஒரே சொல்தான்: “இரு… இரு… இரு…”

ஏன் இருக்கச் சொல்கிறார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்கு அதில் பாதி. ரைடருக்கு 30 விநாடி. அவன் ஒருத்தன், இவர்கள் ஏழு பேர். அமுக்கிவிடலாமே என்றுதான் தோன்றும். ஆனால் பிடித்தால் ஒரு புள்ளி. பிடி நழுவினால் மேலே பட்ட கை எத்தனையோ அத்தனை பேரும் வெளியே. மூன்று பேர் பாய்ந்து மூன்று பேரும் கோட்டைவிட்டால் பாதி அணி காலி. அதனால் தடுப்பாட்டத்தில் முதல் பாடமே பிடிக்காமல் நிற்பதுதான். இருபது வயசுப் பையனுக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது.

கார்னர், அதாவது மூலையில் நின்று தடுப்பவன், நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. அதற்குப் பின்னால் கடைக்கோடு வரை மிச்சம் 1.75 மீட்டர். கார்னரின் ஜீவனம் முழுக்க அந்தத் துண்டு நிலத்தில். தடுப்பவர்கள் ஆறு பேருக்குக் குறையாமல் களத்தில் இருக்கும்போது ரைடர் போனஸ் புள்ளிக்கு வருவான். ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்ற வேண்டும், பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை நொடியில் அவன் உடம்பின் முழு எடையும் முன்காலில். கார்னர் தேடுவது அந்தக் கணத்தைத்தான். ரைடரின் முகத்தையும் கையையும் அவன் பார்க்க மாட்டான். அவை ஏமாற்றுவதற்கென்றே இருப்பவை. இடுப்புக்குக் கீழேதான் பார்வை. எடை முன்காலில் இறங்கியதும் இரண்டு கையும் கணுக்காலுக்குச் சற்று மேலே விழும். கணுக்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தால் வேலை முடிந்ததாகாது. ஊன்றிய காலைத் தன் பக்கம் இழுத்து, ரைடரின் முகம் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பாமல் செய்ய வேண்டும். அதற்குள், மூலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் கவர் ஆட்டக்காரன் வந்து மேலே விழுந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு பிந்தினாலும் ரைடர் காலை உதறிக்கொண்டு பறந்துவிடுவான். கார்னரும் கவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமலே இதைச் செய்கிறார்கள். மணிக்கணக்காக ஒருவர் சொல்லிக்கொடுத்து, திட்டி, மறுபடியும் நிறுத்திவைத்துப் பழக்கினால் தவிர இது வராது.

அந்த ஒருவர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் அதே மூலையிலிருந்துதான். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதனைச் சொல்லலாம். கபடி வட்டாரத்தில் அவர் எல்லாருக்கும் ‘அண்ணா’. 2016-இல் புரோ கபடியில் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயசு 41. அதற்குப் பிறகும் நாற்பதுகளின் நடுப்பகுதி வரை தன் வயதில் பாதிகூட ஆகாத ரைடர்களின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகம் குறைந்த உடம்பு எப்படித் தாக்குப்பிடித்தது? எப்போது பாயக் கூடாது என்று தெரிந்திருந்ததால்தான். 2024-இல் தமிழ் தலைவாஸ் அவரை வியூகப் பயிற்சியாளராக எடுத்தது. தலைமைப் பயிற்சியாளர் உதயகுமார். அந்த சீசன் அணிக்குச் சரியாக வாய்க்கவில்லை, இருவரும் அடுத்த சீசனில் இல்லை. இந்தத் தொழிலில் நாற்காலிக்கு ஆயுசு அவ்வளவுதான். ஜோகிந்தர் நர்வாலும் கார்னர்தான். எட்டாவது சீசனில் தபாங் டெல்லிக்குக் கேப்டனாகக் கோப்பை வென்றார், 2025-இல் அதே அணிக்குப் பயிற்சியாளராக வென்றார். களத்தின் மூலையில் நிற்பவனுக்கு மற்ற ஆறு பேரும் கண்ணில் படுகிறார்கள். கார்னர்கள் பயிற்சியாளராவது அதனால்தான் என்று எனக்கொரு எண்ணம். வேறு இடத்தில் நின்று ஆடிப் பயிற்சியாளரான பி.சி. ரமேஷ், மன்பிரீத் சிங் போன்றவர்களைக் காட்டி யாராவது மறுத்தால் சண்டைக்குப் போக மாட்டேன்.

எல்லாருக்கும் புரோ கபடி வாய்ப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தவர்கள் மாலையில் பையன்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உடற்கல்வி படித்தவர்கள், 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி போன்ற இடங்களில் பட்டம் வாங்கி, ஏதோ ஒரு கலைக் கல்லூரியில் பி.டி. ஆகிறார்கள். அங்கே கபடி, வாலிபால், தடகளம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். சிலருக்கு வாசல் வெளிநாட்டில் திறக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஷைலஜா ஜெயின் ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் அந்த அணி இந்தியாவையே 27–24 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது. நம் ஆண்கள் அரையிறுதியிலேயே ஈரானிடம் தோற்ற அதே போட்டி.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும், முட்டி மோதும் அந்தக் கால்பந்தில் ஓர் ஏற்பாடு எனக்குப் பொறாமையைக் கிளப்பும். தடுப்பின் முன்வரிசைக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சியாளர் உண்டு. அப்படியொருவரான எட் ஆர்ஜரான் 1984-இல் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து, பல கல்லூரிகளில் முன்வரிசையைப் பழக்கி, இடையில் தலைமைப் பதவி கிடைத்துச் சறுக்கி, மறுபடி முன்வரிசைக்கே திரும்பி, கடைசியில் 2019 சீசனில் தலைமைப் பயிற்சியாளராக எல்.எஸ்.யு. கல்லூரி அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியனாக்கினார். லாரி ஜான்சன் கதை வேறு. பென் ஸ்டேட்டில் 1996 முதல், ஒஹாயோ ஸ்டேட்டில் 2014 முதல், முன்வரிசைதான் அவர் வேலை. நிக் போசா, சேஸ் யங் போன்ற பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அவரிடம் பழகியவர்கள். ஆர்ஜரான் ஏறியது பெரிய ஏணிதான். ஆனாலும் எனக்குப் பிடித்தவர் ஜான்சன். ஒரே வரிசையின் கை, கால், இடுப்பை இத்தனை வருஷம் அலுக்காமல் பார்க்க ஒரு தனி ரசனை வேண்டும்.

நம் பக்கம் அந்த ரசனைக்கு விருந்தாக அமைந்தது 2022-இல் தமிழ் தலைவாஸ் ஆடிய சீசன். அஷன் குமாரின் பயிற்சியில் அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. வலது கார்னர் சாகர், இடது கார்னர் சாஹில் குலியா, கவரில் மோஹித்தும் நம்மூர் அபிஷேக்கும். யூடியூபில் அந்த ஆட்டங்களைத் தேடிப் போட்டால், பந்தயத்தின் போக்கை விட்டுவிட்டு சாகரின் காலை மட்டும் ஒரு பாதி முழுக்கப் பாருங்கள். ரைடர் போனஸ் கோட்டுக்கு வந்து வந்து போவான். இவர் அரை அடி நகர்வார், நிற்பார், மறுபடி அரை அடி. பாயாமல் விட்ட ரெய்டுகளை எண்ணிக்கொண்டே வந்தால், பாய்ந்த அந்த ஒன்று எதற்காகக் காத்திருந்தது என்று புரியும்.