பாலத்துக்கு முன்பே விலகுகிறவர்

டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணம் முடிந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு நம் வட்டாரத்தில் கல்லட்டி மலையேற்றப் பேச்சுதான். 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் ஏறியது யார், யாருக்கு எத்தனை நிமிடம் என்று டீ ஆறிப்போகும்வரை அலசுகிறோம். 2008-இல் பயணம் தொடங்கிய நாளிலிருந்து இதே பேச்சு. மசினகுடியிலிருந்து மேலே போகும் அந்தச் சாலை மூச்சை வாங்கிவிடும், சந்தேகமில்லை. ஆனால் ஏற்றத்தில் அவரவர் கால் அவரவருக்கு. ஒரு குழுவின் தரம் தெரிவது மலை இறங்கித் திறந்தவெளிக்கு வந்த பிறகு, எதிர்காற்றில்.

அங்கேதான் நாம் ஒருவரைத் தொடர்ந்து தப்பாகப் படிக்கிறோம். பெயர் வேண்டாம். ஞாயிறு அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஆளைத் தெரியும். முன்னால் வருவார், கொஞ்ச நேரம் காற்றைத் தாங்கி வரிசையை இழுப்பார், முகத்தில் களைப்பே தெரியாதபோது விலகிப் பின்னால் போய்விடுவார். "காற்றைத் தாங்க மனசில்லாத ஆள்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. வேகம் கூடக்கூட அதற்கான சக்தி மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு அந்தப் பாரம் நன்றாகக் குறையும். ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தபோது, நடுப்பகுதியில் இருப்பவருக்குக் காற்றுத்தடை தனியாக ஓட்டுகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதமே என்று கண்டது. நம் குழுக்கள் எட்டுப் பேர், பத்துப் பேர். அவ்வளவு மிச்சம் கிடைக்காது. ஆனாலும் கடைசிச் சக்கரத்தை விட்டவன் கதை முடிந்தது.

வீரம் காட்டித் தீரும்வரை முன்னால் இழுக்கிறவருக்கு நடப்பது அதுதான். விலகும்போது காலில் ஒன்றும் மிஞ்சாது. வரிசை கடந்து போகும். கடைசிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டிய நொடியில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விழும். அப்புறம் எட்டுப் பேரும் அவருக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் ஆளுக்கு இது ஒருமுறைகூட நடந்து நான் பார்த்ததில்லை. முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டவும் மாட்டார். விலகும் முன் கக்கத்தின் வழியாகப் பின்னால் ஒரு பார்வை: கடைசி ஆளின் தோள் ஆடுகிறதா என்று. பிறகு முழங்கையால் ஒரு சின்னச் சைகை, பெடலை நிறுத்தாமல் ஓரடி ஒதுங்கல்.

அதிகம் திட்டு வாங்குவது முட்டுக்காடு பாலத்தில். மார்கழியில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே வரும்போது வாடைக்காற்று வலது முன்பக்கத்திலிருந்து அடிக்கும். கோவளம்வரை மரமும் மதிலும் ஓரளவு மறைக்கும். பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் முகத்துவாரம், மறைப்பே இல்லை. இவர் பாலத்துக்குச் சற்று முன்பாகவே விலகிவிடுவார். "பார்த்தியா, காத்து வர்ற இடத்துல கழண்டுக்கிட்டார்" என்பார்கள்.

வலமிருந்து காற்றடித்தால் முன்னால் இருப்பவர் வலப்பக்கம்தான் விலக வேண்டும்; அப்போதுதான் மற்றவர்கள் மறைப்பிலேயே முன்னேற முடியும். பாலத்தின் மேல் வலப்பக்கம் விலகுவது முந்திச் செல்லும் பேருந்தின் பக்கம் போவது. அதோடு, இந்தக் காற்றுக்கு வரிசை இடப்பக்கமாகச் சரிந்து நிற்க வேண்டும். பாலத்தில் அப்படி இரண்டு மூன்று பேருக்கு மேல் இடமில்லை, நாலாவது ஆள் கைப்பிடிச் சுவரை உரசுவார். ஆகவே பாலத்தில் ஆள் மாறவே கூடாது. புதுக் காலோடு ஒருவர் முன்னால் இருக்கும்படி முன்கூட்டியே இடம் கொடுக்கிறார். இதைப் பயம் என்று சொல்வது அநியாயம்.

நான் கடலோரத்தில் பழகியவர்கள் கட்சி, மறைக்கவில்லை. வரும் டிசம்பரிலும் கல்லட்டியில் மேற்கு மலைப்பக்கத்தவர்களே முந்துவார்கள். மறுநாள்களில் மைசூர்ப் பக்கத்துத் திறந்தவெளியில் அவர்களுடைய வரிசை உடையும், நம்முடையது உடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே எனும் நெடுந்தூர ஓட்டங்களில் முறைவைத்து இழுக்கும் சின்னக் குழுக்கள் பெருகும். 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடித்து வரும் தமிழ்நாட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகியவர்களாக இருப்பார்கள்.

அந்தப் பாரிஸ் பயணத்துக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், முதலில் எழுதும் பெயர் இவருடையது. கல்லட்டியில் முதலில் ஏறியவர் இரண்டாவது.