செய்தி வந்து சேர்ந்த இடம்

டிசம்பர் 6 என்ற தேதி தாராவித் தமிழருக்கு ஒரே ஒரு நாளைக் குறிப்பதில்லை. 1956-ல் அன்றுதான் அம்பேத்கர் டெல்லியில் காலமானார். மறுநாள் தாதர் கடற்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடமே இன்றைய சைத்யபூமி. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். 1992-ல் அதே தேதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 2016-ல் ஜெயலலிதா மறைந்தது டிசம்பர் 5 இரவு பதினொன்றரைக்கு. மும்பையில் பலருக்கு அது 6-ம் தேதி விடிந்த பிறகே தெரிந்தது. "அந்தச் செய்தி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு பெரியவரைக் கேட்டால், "எந்தச் செய்தி?" என்று அவர் திருப்பிக் கேட்க எல்லா நியாயமும் உண்டு.

அதிர்ச்சிச் செய்தி காதில் விழுந்த கணத்தை மனிதர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உளவியலில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதன் முடிவுகளை மும்பைத் தமிழர் வாழ்வின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்க்கும்போது ஒன்று எனக்குத் தெளிவாகிறது. இந்த நினைவுகள் நடந்ததைக் காட்டுவதைவிட, கேட்டவர் சமூகத்தில் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதையே கூடுதலாகக் காட்டுகின்றன.

தொடக்கம் 1899-ல். ஆபிரகாம் லிங்கன் 1865-ல் சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று எஃப். டபிள்யூ. கோல்குரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 179 பேரிடம் விசாரித்தார். 127 பேர் இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, சொன்ன ஆள் என்று விவரமாகச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நினைவு மங்கவில்லையே என்ற வியப்பு எழுந்தது. அவர்கள் சொன்னது சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய குறிப்பு எதுவும் இல்லை.

1977-ல் உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் கூலிக்கும் இதற்கு ஃப்ளாஷ்பல்ப் மெமரி என்று பெயர் சூட்டினார்கள். கென்னடி கொலைச் செய்தியை ஏறக்குறைய எல்லாரும் அப்படி நினைவில் வைத்திருந்தார்கள். இருவரும் முன்வைத்த விளக்கம், அதிர்ச்சியான கணத்தை மூளை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது என்பது. அந்த விளக்கம் பின்னால் பெரிதும் ஆட்டம் கண்டது. ஆனால் அதே கட்டுரையில் இன்றும் அசையாத ஒரு பகுதி இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். அவர்கள் கறுப்பின அமெரிக்கர் 40 பேரையும் வெள்ளையர் 40 பேரையும் கேட்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி கறுப்பினத்தவரில் 30 பேருக்கு இடம் பொருளோடு நினைவிருந்தது. வெள்ளையரில் 13 பேருக்கு. மால்கம் எக்ஸ் கொலையை அப்படி நினைவில் வைத்திருந்த கறுப்பினத்தவர் 14 பேர். வெள்ளையர் ஒரே ஒருவர். நாடும் செய்தித்தாளும் ஒன்றாக இருந்தும், செய்தி எல்லா வீட்டிலும் ஒரே எடையோடு விழவில்லை.

இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர் 1990 நவம்பரில் பதவி விலகியதை வைத்து மார்ட்டின் கான்வே குழுவினர் நடத்திய ஆய்வும் இதையே சொன்னது. பதினோரு மாதம் கழித்துக் கேட்டபோது, பிரிட்டிஷ்காரர்களில் 86 விழுக்காட்டினரிடம் முழுமையான நினைவு இருந்தது. மற்ற நாட்டவரில் 29 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

நினைவு தெளிவாக இருப்பதும் அது சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்று நிறுவியவர் உல்ரிக் நைஸர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர் 106 பேரிடம் அவரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள்: எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரைத் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழைய குறிப்போடு பொருந்தவில்லை. முற்றிலும் பொருந்தியவர்கள் மூன்றே பேர். மற்றவர் வாயால் செய்தி கேட்ட பலர், தொலைக்காட்சியில்தான் முதலில் பார்த்ததாக உறுதியாகச் சொன்னார்கள். அவரவர் கையெழுத்தையே எடுத்து முன்னால் வைத்தபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் டலாரிக்கோவும் டேவிட் ரூபினும் 54 மாணவரிடம் முந்தைய நாள் தாக்குதலைப் பற்றிய நினைவோடு, அதே நாட்களின் சாதாரணச் சம்பவம் ஒன்றையும் எழுதி வாங்கினார்கள். மாதங்கள் போகப் போக இரண்டு நினைவும் ஒரே வேகத்தில் பிழைபட்டன. வேறுபாடு நம்பிக்கையில்தான் இருந்தது. சாதாரண நாளைப் பற்றிய நம்பிக்கை தளர்ந்தது. தாக்குதல் நாளைப் பற்றிய நம்பிக்கை தளரவே இல்லை. வில்லியம் ஹர்ஸ்ட் தலைமையில் அதே செய்தியைப் பத்தாண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. பிழை பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே நுழைந்துவிடுகிறது. அதன் பிறகு கதை கெட்டிப்பட்டு, பிழையோடு சேர்த்தே மாறாமல் சொல்லப்படுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1992-க்குத் திரும்புவோம். மசூதியின் கும்மட்டங்கள் விழுந்ததை நேரலையில் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. தூர்தர்ஷனில் அப்படி ஒரு நேரலை கிடையாது. கேபிள் இணைப்பு அப்போதுதான் மும்பை வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் நூறு முறை பார்த்த படம் முதல் நாள் நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 1992 அக்டோபரில் ஒரு சரக்கு விமானம் குடியிருப்பின் மீது மோதியது. மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று ஹான்ஸ் கிராம்பாக் குழுவினர் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை; நினைவு வேலை செய்யும் விதமே அப்படி.

தாராவியிலோ அந்த ஞாயிறு தொலைக்காட்சி வழியாக மட்டும் வரவில்லை. அன்றே அங்கே இடிப்பைக் கொண்டாடும் சைக்கிள் ஊர்வலம் கிளம்பியதை, பின்னால் மும்பைக் கலவரங்களை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சிலருக்குச் செய்தி கோஷமாக வந்திருக்கும். சைத்யபூமி வரிசையில் நின்ற தலித் குடும்பங்களுக்குக் கூட்டத்தின் சலசலப்பாக வந்திருக்கலாம். தோல் பதனிடும் வேலைக்கு வந்து நிலைத்த தமிழ் முஸ்லிம் வீட்டில் அது கதவைத் தாழிட்ட நேரமாகவே நினைவிருக்கும். அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பைக் கலவரங்களில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டார்கள். தாராவிக்கு மிக அருகே இருக்கும் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் மாடி வீடுகளில் அதே செய்தியின் கனம் வேறு. பிரவுனும் கூலிக்கும் கண்ட வேறுபாட்டை ஒரே மொழி பேசும் நமக்குள்ளேயே, ஒரு ரயில்பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காணலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

செம்பூரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1984 டிசம்பர் தொடக்கத்தில் போபால் விஷவாயுச் செய்தி வந்தது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பக்கத்தில் உறங்கி எழும் செம்பூர்க்காரர் அதைத் தூரத்து ஊர்ச் செய்தியாகக் கேட்டிருக்க முடியுமா? அங்குள்ள வயதானவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

செய்தி வந்து சேரும் நேரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அதே 1984-ல், அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்ததை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி மாலைவரை காத்திருந்தது. 2016-ல் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்ச் சேனல்கள் டிசம்பர் 5 மாலையே அறிவித்தன. மருத்துவமனை மறுத்தது. நள்ளிரவுக்குப் பிறகு உண்மையான அறிவிப்பு வந்தது. ஆக, ஒரே வீட்டில் இருவர் வேறு வேறு நேரம் சொன்னாலும் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அமெரிக்க ஆய்வுகளின் கேள்வித்தாள்கள் செய்தி ஒருமுறைதான் வரும் என்று எடுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் அது வதந்தியாக வந்து, மறுக்கப்பட்டு, மீண்டும் வரும்.

செய்தியே அடக்கப்பட்ட ஒரு நாளும் மும்பை வரலாற்றில் உண்டு. 1944 ஏப்ரல் 14 மாலை நான்கு மணியளவில் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தது. சிம்லாவின் நிலநடுக்கமானியில்கூட அதிர்வு பதிவானது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். நகரமே நடுங்கியது, ஆனால் போர்க்காலத் தணிக்கையால் விவரம் வெளியே போகவில்லை. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாகச் சொல்லிவிட்டது. இங்கிருந்து செய்தி அனுப்ப அனுமதி கிடைத்தது மே மாதத்தில்தான். சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது நிகழ்ச்சி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மாதம் கழித்து வந்த செய்தி. அதை நேரில் அறிந்தவர்களைக் கேட்க இனி நமக்கு ஏறக்குறைய வாய்ப்பில்லை.

நினைவின் உறுதியை நம்பலாமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் வந்தது. 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்பாதையில் மாட்டுங்கா ரோடு முதல் மீரா ரோடு வரை, பதினோரு நிமிடத்தில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015-ல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது, ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. நூறு நாளுக்கு மேல் வாய் திறக்காமலிருந்த டாக்ஸி ஓட்டுநர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் முகங்களை அடையாளம் காட்டியதை அது ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சில நாளில் தடை விதித்தது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. சாட்சி உறுதியாகச் சொல்கிறார் என்பது மட்டும் ஒருவர் உயிரைத் தீர்மானிக்கக் கூடாது. உளவியல் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதும் அதுதான்.

அப்படியானால் பிழையான நினைவுகளைத் தள்ளிவிடலாமா? கூடாது. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949-ல் போலீசாரால் கொல்லப்பட்டார். ஊர்க்காரர்கள் பலர் அதை 1953-ல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே சொன்னார்கள். பதிலடி தர முடியாமல் போன மரணத்தை, எதிர்த்து நின்ற காலத்துக்கு ஊர் நகர்த்திக்கொண்டது என்று வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸாந்த்ரோ போர்தெல்லி விளக்கினார். நம் நாட்டில் வரலாற்றாசிரியர் ஷாகித் அமீன், 1922-ல் காவல் நிலையம் எரிக்கப்பட்ட சௌரி சௌரா பற்றி எழுதிய நூல், காவல்துறைப் பதிவையும் ஊர் நினைவையும் அருகருகே வைத்துப் படித்தது. இவர்களுக்கும் முன்பே, 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளைத் திரட்டி உளவியலாளர் ஜமுனா பிரசாத் எழுதியிருக்கிறார். கேட்டதைத் திரட்டிப் படிக்கும் மரபு நமக்குப் புதிதல்ல.

மும்பையிலும் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. கலவரத்துக்குப் பின் தாராவியில் சமாதானத்துக்காக உழைத்த பாவ் கோர்டே, வகார் கான் இருவரையும் பற்றி, செம்பூரை அடுத்த தியோனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் அஞ்சலி மாந்தேரோவும் கே. பி. ஜெயசங்கரும் 2003-ல் 'நாத்தா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். அக்கம்பக்கம் எப்படி மீண்டும் ஒட்டியது என்பதைப் படம் காட்டுகிறது. மசூதி இடிப்புச் செய்தி ஒவ்வொரு சந்திலும் எப்படி நுழைந்தது என்பதை நாம் இன்னும் எழுத வேண்டும். அதிர்ச்சிச் செய்தியின் நினைவு பற்றிய பெயர்பெற்ற ஆய்வுகளில் பல அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களிடம் நடந்தவை. 2011-ல் ஐந்து நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், சீனர்களிடம் தனிப்பட்ட உணர்ச்சியின் பங்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஊருக்கு ஊர் இந்த நினைவின் இலக்கணம் மாறும் என்றால், திருநெல்வேலியில் ஒரு காலும் தாராவியில் ஒரு காலுமாக வாழ்ந்தவர்களின் நினைவுக்கும் தனி இலக்கணம் இருக்கும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, ஊரில் இருக்கும் அம்மாவைப் பற்றி எப்படித் தகவல் கேட்பது என்றுதான் இங்கே பலர் தவித்திருப்பார்கள். அந்தத் தவிப்பு எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

மாட்டுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழ் ஆசிரியர்களிடமும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர்களைத் தாத்தா பாட்டிகளிடம் அனுப்புங்கள். யார் சொன்னார், எந்த மொழியில் சொன்னார், சொன்னதும் முதலில் எங்கே ஓடினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். தேதி தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். சொன்னபடியே எழுதி, சரியான தேதியைப் பக்கத்தில் குறித்தால் போதும். அடுத்து ஒரு பெரிய செய்தி வரும் இரவில், பலரிடமும் பேசிப் பேசிக் கதை கெட்டியாவதற்கு முன், நீங்களும் அரைப்பக்கம் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.