வெள்ளவத்தையா, எழும்பூரா?

யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரருக்குக் கொழும்பு ஓர் இரவுப் பயணம். சென்னை ஒன்றரை மணித்தியாலம். மல்லாகத்தில் ரயில் ஏறினாலும் யாழ்ப்பாணம் போய் பஸ் பிடித்தாலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே போய்ச் சேர வேண்டும். பலாலியோ, கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலடியில் ஓட்டோ பிடித்தே போகக்கூடிய தூரம். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்க, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஆகவே கையில் காசும் விசாவும் உள்ள ஒரு குடும்பத்துக்குச் சனி, ஞாயிறு என்றால் இப்போது இரண்டு பட்டணங்கள்.

இரண்டிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: எங்கே தங்குவது? அதற்கு விடை தேடும் முறைதான் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வேறு வேறாக இருக்கிறது.

கொழும்பு என்றால் அளவெட்டியில் யாரும் ஹோட்டலின் பெயரில் தொடங்குவதில்லை. “ஆர் வீட்டை நிக்கப்போறியள்?” என்பதுதான் முதற் கேள்வி. சித்தி வீடோ மச்சாள் வீடோ இல்லையென்றால்தான் லொட்ஜ். அப்போதும் இடம் முன்கூட்டியே முடிவானது: வெள்ளவத்தை. கொழும்பு 6 என்ற அந்தத் தபால் வட்டாரத்துக்குள் யாழ்ப்பாணத்தார் கேட்கும் எல்லாமே இருக்கின்றன. தமிழில் பேசிச் சாமான் வாங்கலாம். ஒடியல் மாவும் நல்லெண்ணெயும் கிடைக்கும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அங்கேதான். கலியாணத்துக்குப் போகிறவர்களுக்கு பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் பக்கம். காலி வீதியில் 100, 101ஆம் இலக்க பஸ்களில் ஏறினால் புறக்கோட்டை. கரையோர ரயிலில் ஏறினால் கோட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிறு இரவு யாழ்ப்பாணம் திரும்பும் சொகுசு பஸ்கள் வெள்ளவத்தையிலேயே ஆட்களை ஏற்றுகின்றன. பையைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டை வரை அலைய வேண்டியதில்லை.

வசதி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பாதியை மறைத்ததாகிவிடும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு வேண்டும். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். நள்ளிரவில் கதவு தட்டப்படும். 2007 யூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காலத்தில் லொட்ஜைத் தேர்ந்தெடுப்பது என்றால், சோதனைக்கு வருபவரிடம் நமக்காக ஒரு வார்த்தை பேசக்கூடிய உரிமையாளரைத் தேர்ந்தெடுப்பதுதான். மெத்தை, குளியலறை எல்லாம் அதற்குப் பிறகு. பதிவும் சோதனையும் போய்ப் பல ஆண்டுகளாகியும் அந்தப் பழக்கம் முற்றாகப் போகவில்லை. பொரளையிலோ நுகேகொடையிலோ இதைவிட மலிவாக நல்ல அறை கிடைத்தாலும் ஊரிலுள்ள அம்மா, “வெள்ளவத்தையிலையே நில்லு பிள்ளை” என்றுதான் சொல்வார்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். மதுரைக்காரரின் வார இறுதியும் இதே அச்சுத்தான். வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் எழும்பூர், ஞாயிறு இரவு திரும்பும் வண்டி. சென்னையில் அவருக்கும் சித்தப்பா இருக்கிறார். ஆனால் சித்தப்பா வீடு தாம்பரத்துக்கு அப்பாலோ ஆவடியிலோ இருக்கும்; வேலை தி.நகரில். எனவே ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து கென்னத் லேனுக்குள் நுழைகிறார். அங்கே வரிசையாக லாட்ஜ்கள். இணைய முன்பதிவு இல்லாமலே வாசலில் நின்று விலை கேட்டு, அறையைப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போகலாம். ரயில் பயணச்சீட்டு கையில் இருந்தால் நிலையத்துக்குள்ளேயே ஓய்வறையும் பதிவு செய்யலாம். அதற்கு அந்தச் சீட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும், விமானத்தில் வந்தவருக்கு அது உதவாது.

லாட்ஜ் வரவேற்பு மேசையில் மதுரைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. இலங்கையிலிருந்து போகிறவர் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்: “இருபத்து நாலு மணி நேர செக்-அவுட்டா?” தமிழ்நாட்டின் சாதாரண லாட்ஜ்கள் பலவற்றில் நாள் என்பது வந்த நேரத்திலிருந்து கணக்கு. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அறை எடுத்தால் ஞாயிறு காலை ஐந்தரை வரை ஒரு நாள் வாடகை. இரவு வண்டியில் வருபவர்களையே நம்பி நடக்கும் தொழிலுக்கு இதைவிட நேர்மையான கணக்கு இல்லை. செயலி வழியாகப் பதிவு செய்தால் மட்டும் சில இடங்களில் இந்தச் சலுகை போய், பகல் பன்னிரண்டு மணிக் கணக்குக்குள் மாட்டிக்கொள்ள நேரும்.

கொழும்பிலும் பஸ் விடியற்காலையில்தான் வந்து சேர்கிறது. ஆனால் அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு. வெளியேறுவது மறுநாள் முற்பகலில். ஐந்து மணிக்கே உள்ளே விட வேண்டுமென்றால் அரை நாளோ ஒரு நாளோ மேலதிக வாடகை. மறுநாள் வெளியேறிய பிறகும், இரவு பஸ் வரும்வரை பையோடு எங்கே இருப்பது என்ற கேள்வி நிற்கும். அளவெட்டிக்காரர் இன்னமும் உறவினர் வீட்டையே முதலில் நினைப்பதற்குப் பாசத்தோடு இந்த மணிக்கூடும் ஒரு காரணம். குடும்பமாகப் போகிறவர்கள் இப்போது நாள் வாடகை அப்பார்ட்மென்ட் பக்கம் சாய்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கிவிட்டுப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் வெள்ளவத்தையில் குறைவில்லை. சமையலறையும் இருக்கும், நேரத்தைப் பற்றி உரிமையாளரோடு பேசிப் பார்க்கவும் முடியும்.

சென்னைக்குப் போகும் அளவெட்டிக் குடும்பம் செய்யும் பெரிய பிழை, வெள்ளவத்தைப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோவது. ஈழத் தமிழர் அதிகம் வாழும் வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் தெரிந்தவர் வீட்டிலோ அதற்கருகிலோ தங்கிவிடுகிறார்கள். பேச்சுத் துணைக்கு அது நல்லதுதான். ஆனால் இரண்டு நாளில் பாதி ஆற்காடு சாலை நெரிசலிலேயே போய்விடும். கொழும்பில் தமிழ் கேட்கும் தெருவைத் தேடுவதற்குக் காரணம் இருந்தது. சென்னையில் எந்தத் தெருவும் தமிழ்தான். அங்கே தேர்வு வந்த காரியத்தைப் பொறுத்தது. சங்கர நேத்ராலயாவில் கண் காட்ட வந்தவருக்கு நுங்கம்பாக்கம். அப்பல்லோவுக்கு வந்தவருக்கு கிரீம்ஸ் ரோடு. கூறைச் சேலை வாங்க வந்தவர்களுக்கு தி.நகர். என்.கே. பத்மநாதன் போன்ற நாதஸ்வர வித்துவான்கள் வாழ்ந்த ஊரிலிருந்து மார்கழிக் கச்சேரி கேட்கப் போகிறவர் மயிலாப்பூரைவிட்டு வேறெங்கும் தங்கக்கூடாது. இவற்றில் எதுவும் இல்லாமல் ஊர் சுற்ற வந்தவருக்கு எழும்பூரே போதும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே வந்துவிடலாம்.

 

சென்னையில் ஒரு தடை மட்டும் உண்டு: கடவுச்சீட்டு. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழி விவரம் அனுப்ப வேண்டும். லாட்ஜ்காரர்கள் இதை ‘சி ஃபார்ம்’ என்பார்கள். வீட்டில் விருந்தாளியாகத் தங்கினாலும் இதே விதிதான். வளசரவாக்கத்து உறவினர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த வேலைக்குப் பயந்தே சிறிய லாட்ஜ்கள் சில, ஆதார் அட்டை இல்லாதவருக்கு அறை இல்லை என்று கையை விரிக்கும். கொழும்பில் அன்று நடந்த பொலிஸ் பதிவோடு இதை ஒன்றாக வைக்கக்கூடாது. இது எல்லா வெளிநாட்டவருக்கும் பொதுவான விதி. அது சொந்த நாட்டுக்காரருக்கே போட்டது. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு வாசலில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது. புறப்படுமுன் தொலைபேசியில், “இலங்கைப் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீர்களா?” என்று கேட்டுவிட வேண்டும்.

விலைப்பட்டியலிலும் கண் வேண்டும். இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். ஹோட்டல்கள் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்க்கும். இந்தியாவில் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 2025 செப்டெம்பர் 22இலிருந்து ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

கடைசியாக வெள்ளவத்தை லொட்ஜ் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் விடியப்புறம் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள். எழும்பூரைப் பார்த்து 24 மணித்தியாலக் கணக்குக்கு மாறுங்கள். அதுவரை பயணிகள் செய்யக்கூடியது, முற்பணம் அனுப்புமுன் எத்தனை மணிக்கு அறைக்குள் விடுவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது.