மேகத்தில் குழாய் போட்டவர்

கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, மாரியில் பெய்வதுதான் கோடையில் இறைப்புக்கு. இந்த மண்ணில் இருந்து வாசிக்கையில் பேகம் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை தனி ருசி.

வங்கத்தில் பிறந்த ரொக்கேயா இதை ஆங்கிலத்தில் எழுதினார். கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ 1905இல் வெளியிட்டது. இது ஓர் அறிவியல் புனைகதை; அந்த வகைக்கென்றே அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் தொடங்கியது 1926இல்தான்.

கதையில் ஆண்கள் வீட்டுக்குள். நாட்டை ஆள்வது பெண்கள். ஆண்கள் வீட்டுக்குள் போவதற்கு முன்பே ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் குழாய் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேலே மிதக்கவிட்டு நீரை இறக்குகிறது. விட்டேனா பார் என்று இன்னொன்று வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. படைபலம் பெருக்குவதில் மும்முரமாயிருந்த ஆண்கள் இதைக் கேலி செய்கிறார்கள். கடைசியில் படையெடுத்து வந்த பகைவரைத் துரத்தியது அந்த வெப்பந்தான்.

எனக்குப் பிடித்த இடம் குசினி. காய்கறித் தோட்டத்துக்குள், கரியும் புகையுமில்லாமல், வெயிலிலேயே சமையல். படையை விரட்டியதும் சோறாக்குவதும் ஒரே வெப்பம்! உபதேசத்துக்கு இடமில்லாத நையாண்டி அது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தத் தொடங்கினார்.

சின்னக் கதைதான், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். வீட்டிலுள்ள பெட்டையளுக்கு மட்டுமல்ல, பெடியளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.