நிலம் வரைந்த ரயில் பாதை

நியூயார்க் மேயராக இருந்த பில் டி பிளாசியோ, 2016 பிப்ரவரியில் தன் ஆண்டு உரையில் ஒரு புதிய ரயில் பாதையை அறிவித்தார். புரூக்ளினின் சன்செட் பார்க்கில் தொடங்கி, கரையை ஒட்டியே வடக்கே போய், குயின்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் முடியும் 16 மைல் இலகு ரயில். பழைய டிராமைப் போலத் தெருவிலேயே ஓடும். தினமும் சுமார் 50,000 பேர் ஏறுவார்கள் என்பது மதிப்பீடு. செலவு 250 கோடி டாலர். 2019இல் வேலை தொடங்கி 2024இல் வண்டி ஓடிவிடும் என்றார்கள். புரூக்ளின் குயின்ஸ் கனெக்டர் என்று பெயர் வைத்து, சுருக்கமாக பிக்யூஎக்ஸ் என்றார்கள்.

பாதையைவிட, அதற்குப் பணம் வரும் வழிதான் அன்று அதிகம் பேசப்பட்டது. ரயில் வந்தால் கரையோர நிலத்தின் விலை ஏறும், அந்த ஏற்றத்திலிருந்தே கட்டுமானச் செலவு வந்துவிடும், வேறு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்றது நகர நிர்வாகம். இன்றுவரை அந்தத் திட்டத்துக்காக ஒரு முழம் தண்டவாளம்கூடப் போடப்படவில்லை. ஏன் நின்றது என்று கேட்டால் கொரோனாவைக் காட்டுவார்கள். 2020இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டத்தில் இருந்த திட்டம் அந்த வசந்தத்தோடு அடங்கியது உண்மைதான். ஆனால் அது கடைசி அடி. பணம் எங்கிருந்து வருமோ அந்த வழியாகத்தான் பாதை போக வேண்டும் என்று முடிவானபோதே திட்டம் ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

முறையை முதலில் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் சொத்து வரி கட்டும் ஒரு கட்டடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ரயில் நின்றதும் வாடகை ஏறுகிறது, மதிப்பு ஏறுகிறது, வரி 14 லட்சம் ஆகிறது. அந்தக் கூடுதல் 4 லட்சத்தை மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்குவார்கள். இப்படி வரப்போகும் தொகையைக் காட்டி, ஒரு தனி அமைப்பு இன்றே கடன் பத்திரம் வெளியிடும். திரட்டிய பணத்தில் பாதை எழும். முப்பது ஆண்டுகளில் கடன் அடையும்.

இதில் உள்ள நியாயத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. கரையில் பாழடைந்த கிடங்கு ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவரின் சொத்து, ஊர்ப்பணத்தில் ஒரு ரயில் வந்ததால் மட்டுமே இரண்டு மடங்காகிறது. அந்த லாபத்தில் ஊர் தன் பங்கைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை. மன்ஹாட்டனுக்கு மறுபக்கம், ஹட்சன் ஆற்றைத் தாண்டிப் போனால் நியூ ஜெர்சியின் ஹட்சன் பெர்கன் இலகு ரயில் ஓடுகிறது. ஜெர்சி சிட்டி, ஹோபோக்கன் கரைகளில் பழைய சரக்கு ரயில் நிலங்களைப் பெரும்பாலும் பயன்படுத்தி, அதன் முதல் பகுதியை 2000 ஏப்ரலில் திறந்தார்கள். முதல் கட்டத்துக்குக் கூட்டாட்சி அரசே சுமார் 60 கோடி டாலர் தந்தது. வடிவமைப்பு, கட்டுமானம், வண்டி ஓட்டுவது, பராமரிப்பு எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில். கொரோனாவுக்கு முன் வேலை நாட்களில் 50,000 பேர் அளவுக்கு அதில் ஏறினார்கள். நல்ல பாதை. ஆனால் கஜானாவை மட்டுமே நம்பிய பாதைக்கு என்ன ஆகும் என்பதும் அங்கேயே தெரிகிறது: வடக்கே பெர்கன் மாவட்டத்துக்குள் நீட்டுவதாகச் சொன்ன பகுதி, கால் நூற்றாண்டு தாண்டியும் கட்டப்படவில்லை. அந்தக் கரையில் எழுந்த கோபுரங்களின் விலையேற்றத்தில் ஒரு துளி அந்த நீட்டிப்புக்கு வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஆகவே நில லாபத்தில் பங்கு கேட்கும் யோசனையை நான் மறுக்கவில்லை. அது பாதையை வரையும் பேனாவாக மாறியதைத்தான் மறுக்கிறேன்.

பிக்யூஎக்ஸ் யோசனையை மேயர் மேசைக்குக் கொண்டுபோனது, இதற்கென்றே அமைந்த ஒரு தன்னார்வ அமைப்பு. போக்குவரத்து வல்லுநர்களும் குடியிருப்போர் பிரதிநிதிகளும் அதில் இருந்தார்கள். ஆனால் முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜெட் வாலென்டாஸ். புரூக்ளினின் டம்போவில் கட்டடங்களையும், வில்லியம்ஸ்பர்க் கரையில் பழைய டோமினோ சர்க்கரை ஆலை நிலத்தையும் கையில் வைத்திருந்த டூ ட்ரீஸ் நிறுவனத்தின் தலைவர். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். லாபம் பெறப்போகிறவர் செலவிலும் பங்கெடுக்கட்டும் என்பதுதானே இந்த முறையின் அடிப்படை என்றும் கேட்கலாம். கேள்வி சரிதான். சிக்கல் என்னவென்றால், விலை ஏறக்கூடிய நிலம் இருக்கும் இடமும், ரயிலுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ரெட் ஹுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளினின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு அங்கே இருக்கிறது. 6,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அந்தப் பகுதிக்குள் சுரங்க ரயில் நிலையம் எதுவும் கிடையாது. பி61 பேருந்தைப் பிடித்து, விரைவுச் சாலையின் அடியில் நுழைந்து ஸ்மித் நைன்த் ஸ்ட்ரீட்ஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். கோவானஸ் கால்வாயில் உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் போக இடம் விட வேண்டும் என்று அந்த நிலையத்தைத் தரையிலிருந்து 87 அடிக்கு மேல் கட்டி வைத்திருக்கிறார்கள். பேருந்து தாமதம், அதன் பிறகு நகரும் படிக்கட்டு, அதன் மேல் இன்னொரு படிக்கட்டு, ஏறிய பிறகுதான் ரயில். கைக்குழந்தையோடும் காய்கறிப் பையோடும் தினமும் இதைச் செய்பவருக்கு, வீட்டு வாசலில் நிற்கும் டிராம் எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்க வேண்டியதில்லை. பிக்யூஎக்ஸ் திட்டத்திலேயே மிக வலுவான வாதம் ரெட் ஹுக்தான்.

ஆனால் ரெட் ஹுக் மட்டும் இந்தப் பாதைக்குப் பணம் தர முடியாது. அரசுக் குடியிருப்பிலிருந்து கூடுதல் சொத்து வரி கிடைக்காதே. பணம் வில்லியம்ஸ்பர்க்கிலும், குயின்ஸ் கரையின் லாங் ஐலண்ட் சிட்டியிலும் எழும் கண்ணாடிக் கோபுரங்களிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பாதை கரையை விட்டு அகலவே முடியாது. கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஏறத்தாழ இதே திசையில், ஜி என்ற சுரங்க ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாட்டிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பான, குயின்ஸ் பகுதியின் குயின்ஸ்பிரிட்ஜுக்குத் தன் வாசலிலேயே சுரங்க ரயில் நிலையம் உண்டு. ஜி ரயிலில் பெட்டிகளைக் கூட்டி, ரெட் ஹுக் பேருந்துக்குத் தெருவில் தனித் தடம் ஒதுக்கினால் எத்தனை பேருக்குப் பயன் கிடைக்கும் என்ற கணக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? நில லாபத்தை நம்பும் முறையில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. பேருந்துத் தடத்தால் யாருடைய கோபுரமும் விலை ஏறாது.

இதற்கு முன்னோடி அந்த நகரத்திலேயே இருந்தது. மன்ஹாட்டனின் ஹட்சன் யார்ட்ஸ் பகுதிக்கு 7ஆம் எண் சுரங்க ரயிலை நீட்டியதும் இதே முறையில்தான். 2006இலும் 2011இலுமாக 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். கோபுரங்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. வட்டி கட்ட நகரம் தன் பொது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து 35 கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் கோபுரங்கள் நிறைந்து வருமானம் தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. முதல் திட்டத்தில் இரண்டு நிலையங்கள் இருந்தன. ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த பத்தாவது அவென்யூ நிலையம் செலவு மிகுந்துவிட்டது என்று கைவிடப்பட்டது. கோபுரங்கள் எழப்போகும் இடத்து நிலையம் மட்டும் 2015 செப்டம்பரில் திறந்தது. எது வெட்டுப்படும், எது தப்பும் என்பதை நிலக் கணக்கே தீர்மானித்தது.

அந்தக் கணக்காவது நிற்குமா என்றால், நியூயார்க்கின் சொத்து வரிச் சட்டத்தில் அதற்கும் உத்தரவாதமில்லை. சிறிய வீடுகளின் வரி மதிப்பை ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேலோ, ஐந்தாண்டில் 20 சதவீதத்துக்கு மேலோ உயர்த்தக் கூடாது. புதிய அடுக்குமாடிகளுக்கு 421-ஏ என்ற சலுகை பல்லாண்டு வரிவிலக்குத் தந்தது. ஆக, சந்தையில் விலை இரண்டு மடங்கானாலும் கஜானாவுக்கு வரும் வரி அதே வேகத்தில் வராது. கடனுக்கு வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். இன்னொரு கேள்வியும் உண்டு. கிரீன்பாயிண்ட், வில்லியம்ஸ்பர்க் கரைகளில் உயர்ந்த கட்டடங்களுக்கு 2005லேயே அனுமதி கொடுத்தாயிற்று. ரயில் இல்லாமலேயே விலை ஏறிக்கொண்டிருந்த ஊரில், எந்த டாலர் ரயிலால் வந்தது, எந்த டாலர் தானாக வந்தது என்று யார் பிரிப்பது? தானாக வந்திருக்கக்கூடிய வரியையும் ரயில் கணக்கில் எழுதினால், பள்ளிக்கும் பூங்காவுக்கும் போக வேண்டிய பணம் கடன்காரருக்குப் போகிறது. அதைத் தன் செலவைத் தானே ஈட்டும் ரயில் என்று சொல்ல முடியாது.

2017 தொடக்கத்தில் நகர நிர்வாகத்துக்குள் சுற்றிய ஒரு குறிப்பு பத்திரிகைகளில் கசிந்தது. நில லாபம் செலவுக்குப் போதாமல் போகலாம் என்ற சந்தேகத்தை அது எழுப்பியது. கூடவே, தெருவுக்கு அடியில் இருப்பவற்றைப் பற்றிய அச்சமும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின் கம்பி, தொலைபேசிக் கம்பி என்று பல அடுக்குகள் அங்கே கிடக்கின்றன. எது எங்கே போகிறது என்பதற்குப் பழைய வரைபடங்கள் எல்லா இடத்திலும் துல்லியமில்லை. சாதாரணத் தெருவில் குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டிச் சரிசெய்வார்கள். பேருந்து பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகும். மேலே தண்டவாளம் இருந்தால் ரயிலை நிறுத்தித்தான் தோண்ட முடியும். எனவே பாதைக்கு அடியில் இருப்பதையெல்லாம் முன்கூட்டியே இடம் மாற்ற வேண்டும். இது தொழில்நுட்ப விவரம் போலத் தோன்றினாலும் தெரு ரயிலின் செலவைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம் இதுதான். நியூ ஜெர்சிக்காரர்கள் கைவிட்ட சரக்குத் தடத்தைத் தேடிப் போனதன் அருமை இங்கே புரிகிறது.

2018 ஆகஸ்டில் திருத்திய திட்டம் வந்தபோது பாதை 11 மைலாகச் சுருங்கியிருந்தது. செலவு 273 கோடியாக ஏறியிருந்தது. திறப்பு 2029க்குத் தள்ளிப்போனது. யாரிடமும் கையேந்த வேண்டாம் என்ற பேச்சும் போய், கூட்டாட்சி அரசிடமிருந்து 100 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்றார்கள். வெட்டுப்பட்டது தொழிலாளர் பகுதியான சன்செட் பார்க். அங்கே பலர் இதற்காக வருந்தவும் இல்லை. ரயில் வந்தால் வாடகை ஏறி நாம் வெளியேற வேண்டியதுதான் என்று அவர்கள் ஏற்கெனவே எதிர்த்து நின்றார்கள். அவர்களின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. விலை ஏறினால்தான் கடன் அடையும் என்ற திட்டத்தில், அவர்கள் வெளியேறுவதே வெற்றியின் அளவுகோலாகி விடுகிறது. அதே ஆண்டு நவம்பரில் அமேசான் தன் இரண்டாம் தலைமையகத்தை லாங் ஐலண்ட் சிட்டியில் அமைப்பதாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் விலகியது. மூன்று மாதத்தில் மாறும் எதிர்பார்ப்புகளின் மேல் முப்பதாண்டுக் கடனை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

கட்டணப் பிரச்சினையும் தீரவில்லை. சுரங்க ரயிலையும் பேருந்தையும் நடத்தும் எம்டிஏ மாநில அமைப்பு. டிராம் நகரத்தின் திட்டம். டிராமிலிருந்து இறங்கிச் சுரங்க ரயிலில் ஏறினால் இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டுமா என்பதற்குக் கடைசிவரை உறுதியான பதில் கிடைக்கவில்லை. 2017இல் அதே கரையில் தொடங்கிய நகரப் படகுச் சேவையில் அந்தத் தவறு கண்ணெதிரே நடந்தது. கட்டணம் தனி. பயணம் ஒன்றுக்கு நகரம் 10 டாலருக்கு மேல் மானியம் தருவதாக 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கரையோரம் அழகாக இருப்பதால் அங்கே எது ஓடினாலும் படம் எடுக்க நன்றாக இருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது அடுத்த வண்டிக்கு இலவசமாக மாறும் வசதி.

இதற்கு நேர் எதிரான முறையில் பிறந்தது இன்டர்பரோ எக்ஸ்பிரஸ். புரூக்ளின், குயின்ஸ் இரண்டையும் இணைப்பதுதான் இதற்கும் வேலை. ஆனால் கரையை விட்டு வெகுதூரம் உள்ளே, ஏற்கெனவே இருக்கும் சரக்கு ரயில் தடத்தில், 14 மைல். ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2022இல் அறிவித்தார். 2023இல் இலகு ரயில் என்று முடிவு செய்தார்கள். 550 கோடி டாலர் மதிப்பீடு, பிக்யூஎக்ஸைப் போல இரு மடங்கு. ஆனால் அது 17 சுரங்க ரயில் வழிகளைக் குறுக்கே தொடுகிறது. பயணிகள் மதிப்பீடும் இரு மடங்குக்கு மேல். குறுக்கே மாறிப் போக முடியாமல் மன்ஹாட்டன்வரை சென்று திரும்பிக்கொண்டிருந்தவர்களின் வழியை முதலில் வரைந்துவிட்டு, பிறகு பணத்தைத் தேடினார்கள். எம்டிஏவின் 2025-29 மூலதனத் திட்டம் செலவில் பாதியை ஒதுக்கியிருக்கிறது. மீதி எங்கிருந்து வரும் என்பது இன்னும் போராட்டம்தான். இருந்தாலும் இந்த வரிசைதான் சரி.

ரெட் ஹுக்கை இன்டர்பரோ தொடாது. அங்கே கதை மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தக் கரையில் உள்ள புரூக்ளின் மரைன் டெர்மினலின் 122 ஏக்கரை 2024இல் நகரம் துறைமுக ஆணையத்திடமிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுமார் 6,000 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 2025இல் அதற்கான பணிக்குழு ஒப்புதல் கொடுத்தது. நில லாபத்தில் பங்கு கேட்கும் முறை உண்மையில் பொருந்தக்கூடிய இடம் இதுதான்; ஏனென்றால் நிலம் பொதுவுடையது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கு நிலைய நிலத்தில் கட்டும் உரிமையையே அரசு கொடுக்கிறது; வரி எவ்வளவு கூடும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. இங்கேயும் கட்டுநருக்கு நிலம் குத்தகைக்குப் போகும் நாளிலேயே, குத்தகைப் பணத்தில் இவ்வளவு பங்கு போக்குவரத்துக்கு என்று பத்திரத்தில் எழுதிவிட முடியும். முதல் தவணையில் பி61க்குத் தனித் தடம், கூடுதல் வண்டிகள், ஸ்மித் நைன்த் நிலையத்தில் லிஃப்ட். முதல் 1,000 வீடுகளுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்பே இவை நடக்க வேண்டும். தண்டவாளம் வேண்டுமா, எந்தத் தெருவில் வேண்டும் என்பதை அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிறகு தீர்மானிக்கலாம்.