சொல்லாமல் தோற்கும் படிவங்கள்

காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா பயிருக்குக் காப்பீடு செய்யும் கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடியும். அதற்கு முந்தைய நாட்களில் பொதுச்சேவை மையங்களில் கூட்டம் நெரியும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் காத்திருப்பார்கள். கணினி முன் இருப்பவர் புல எண், உட்பிரிவு, பரப்பு என்று ஒவ்வொன்றாக அடித்து, நகல்களை ஏற்றி, பொத்தானை அழுத்துவார். அந்த அழுத்தலுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ஒரு போகம் நிற்கிறது. இப்படி ஒரு படிவத்தை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தால் எந்த ஃபிரேம்வொர்க்கை நம்பலாம்?

வேகம், பிரபலம், எழுதும் சுகம் ஆகியவற்றை ஒதுக்கிவைத்து மூன்று கேள்விகளை மட்டும் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். படிவம் சேராதபோது காரணம் வெளியே தெரிகிறதா? அடித்த விவரங்கள் திரும்பக் கிடைக்கின்றனவா? ஒரே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கப்படுகிறதா?

ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லாத வெறும் பிஎச்பி முதல் கேள்வியிலேயே தோற்கிறது. அதன் இயல்பமைப்பில் ஒரு படிவத்தின் மொத்த அளவு 8 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த நகல்களால் அது மீறினால் அனுப்பிய விவரம் அத்தனையும் நிரலுக்கு வெறுமையாகவே கிடைக்கும். பாதுகாப்புக்காக ஒட்டிய சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் அதோடு மறைவதால், அளவுப் பிரச்சினை டோக்கன் பிரச்சினையாக வேடம் போட்டு வருகிறது. இன்னொரு வரம்பு, உள்ளீடுகளின் எண்ணிக்கை 1000. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் நின்றுவிடுவதுபோல, பல புல எண்கள் கொண்ட நீண்ட படிவத்தில் கடைசி வரிசைகள் சர்வரை எட்டுவதில்லை. லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை விழும், பயனருக்கோ ‘வெற்றி’ என்று காட்டப்படலாம். ஆயிரம் என்ற வரம்பு தாக்குதலைத் தடுக்க வந்தது, அதில் நியாயம் உண்டு. மீதியை வெட்டிவிட்டு வேலையைத் தொடர்வதற்குத்தான் நியாயம் இல்லை.

2002இல் வந்த ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் இரண்டாவது கேள்வியை அக்கறையோடு எடுத்துக்கொண்டது. பக்கம் சர்வருக்குப் போய்வந்தாலும் அடித்தது கலையாது. பக்கத்தின் நிலையை வியூஸ்டேட் என்ற மறைபுலத்தில் சுமந்து செல்வதற்கான விலையை அது வேறிடத்தில் கொடுத்தது. கூட்டம் கூடி இரண்டாவது சர்வரைச் சேர்க்கும்போது, இரண்டிலும் ஒரே மெஷின்கீ இல்லாவிட்டால் ஒன்று தந்த பக்கத்தை மற்றொன்று ஏற்காது. சாதாரண நாளில் ஓடி, கெடு நாளில் விழும் இந்த வகைப் பிழையைச் சோதனையில் பிடிப்பது கடினம்.

லாராவெல் பிஎச்பியின் மேல் நின்றும் அதன் பெரிய குறையைத் திருத்தியிருக்கிறது. அளவு மீறினால் 413 என்ற பிழை எண்ணால் நேராகச் சொல்கிறது. சரிபார்ப்பில் தவறு இருந்தால் முந்தைய பக்கத்துக்கே திருப்பி, அடித்ததையும் கூடவே அனுப்புகிறது. ஆனால் அதை எடுத்துப் பெட்டிகளில் நிரப்ப, டெம்ப்ளேட் எழுதுபவர் ஒவ்வொரு புலத்திலும் ஓல்ட் என்ற உதவியை அழைக்க வேண்டும். மறந்தால் பெட்டி காலி. இதைவிடப் பெரிய குறை 419 என்ற பிழைப் பக்கம். இயல்பமைப்பில், பயனர் எதுவும் செய்யாமல் 120 நிமிடம் போனால் செஷன் முடியும். மின்சாரம் போய்வந்து, அடங்கலுக்காகக் காத்திருந்து, மீண்டும் அழுத்துகிறவருக்குப் ‘பேஜ் எக்ஸ்பயர்ட்’ என்ற ஒரு வரி மட்டும் கிடைக்கிறது. ஏன், அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஜாங்கோவில் படிவம் என்பதே தனி வகுப்பு. அனுப்பிய விவரமும் பிழைச் செய்தியும் ஒரே பொருளில் தங்குவதால், அதையே மீண்டும் காட்டினால் அடித்தது அப்படியே நிற்கும், தவறான புலத்தின் அருகில் காரணமும் வரும். கடவுச்சொல், கோப்பு போன்றவை மட்டும் விலக்கு. இங்கே நல்ல நடத்தையே சுலபமான பாதையாக இருப்பதுதான் அதன் சிறப்பு.

ஆனாலும் ஜாங்கோவுக்கும் இரண்டு இடத்தில் வாய் அடைக்கிறது. முகவரியின் இறுதியில் சாய்கோடு விடுபட்டால், உருவாக்கும் கட்டத்தில் பிழை என்று நிறுத்துகிறது. உண்மையான தளத்திலோ சாய்கோடு சேர்த்துத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பலில் பிரவுசர் போஸ்ட் கோரிக்கையை கெட் கோரிக்கையாக மாற்றிவிட, விவரம் காணாமல் போகிறது. அடுத்தது, ஒவ்வொரு உள்நுழைவிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் புதுப்பிக்கப்படுகிறது. ஐந்து விவசாயிகளுக்கு ஐந்து டேப் திறந்துவைத்து, ஒன்றில் மறுபடி உள்நுழைந்தால், பழைய டேப்கள் எல்லாம் 403 என்ற மறுப்பை வாங்கும். காரணம் லாகில் இருக்கும், திரையில் இராது.

மூன்றாவது கேள்வியில் யாருக்கும் முழு மதிப்பெண் இல்லை. பதிவான பிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பும் வழக்கம் ரீஃப்ரெஷ்ஷால் வரும் இரட்டைப் பதிவைத் தடுக்கும். மெதுவான இணையத்தில் பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்துவதை அது தடுக்காது. அதற்கு டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு வேண்டும். விவசாயி, புல எண், உட்பிரிவு, பருவம் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்பதை அங்கேதான் உறுதியாக எழுத முடியும்.

ஃபிரேம்வொர்க்குகளைக் குறை சொல்லும் முன் நம் கைப்பழக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 403 வந்ததும் சிஎஸ்ஆர்எஃப் காவலையே அணைப்பது, 413 வந்ததும் வரம்பைக் கண்டபடி உயர்த்துவது, இரண்டும் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சல்மானியை உடைக்கும் வேலை. முதலில் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து எந்த எண் வந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு எந்தப் புலங்கள் போயின என்று பார்க்க வேண்டும். நேம் இல்லாத பெட்டியும், டிசேபிள் செய்த பெட்டியும், டிக் செய்யாத செக்பாக்ஸும் போகவே போகா. அதற்கும் பிறகுதான் சர்வர் லாக். இந்த வரிசையில் போனால் பெரும்பாலான கோளாறுகள் நிரலைத் தொடும் முன்பே பிடிபடும்.

என் தீர்ப்பு இது. விவரத்தைக் காப்பதிலும் காரணம் சொல்வதிலும் ஜாங்கோ முதலிடம், அதன் இரண்டு மௌனங்களைச் சரிசெய்வது நம் கடமை என்ற நிபந்தனையோடு. லாராவெல் அடுத்த இடம், 419 பக்கத்தைத் தமிழில் மாற்றி எழுதாமல் அதை மக்களிடம் கொண்டுபோகக் கூடாது. வெப் ஃபார்ம்ஸில் ஏற்கெனவே ஓடுவதைப் பராமரிக்கலாம், புதிதாகத் தொடங்க வேண்டாம். வெறும் பிஎச்பி இந்த வேலைக்குத் தகாது. தவறும்போது கத்தும் கருவியைத் திருத்திவிடலாம். வெற்றி என்று காட்டிவிட்டு விவரத்தைத் தொலைக்கும் படிவமோ, வெள்ளம் வந்து இழப்பீடு கேட்கும் நாளில்தான் பிடிபடும். அன்றைக்கு எந்தத் திருத்தமும் அந்த விவசாயிக்குப் பயன்படாது.