சத்துருக்கனுக்காக யார் பேசுவது?

‘சிறந்த தம்பி கும்பகருணனா, வீடணனா?’ தமிழ் மேடைக்கு இந்தத் தலைப்பு அலுப்பதே இல்லை. கொஞ்சம் மாற்றி ‘பரதனா, இலக்குவனா?’ என்றும் வைப்பார்கள். சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா களைகட்டும்போது, சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து மண்டபம் ஒன்றிலோ விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்து அரங்கிலோ நடக்கும் பட்டிமன்றங்களில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தலைப்பு ஏதாவது ஒன்று தலைகாட்டிவிடும். அணிக்கு மூன்று பேர், நடுவில் ஒரு நடுவர், நேரம் முடிந்தால் மணி. யார் சாகப்போகிறார்கள், யார் முடிசூடப்போகிறார்கள் என்பது அவையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவை வைத்துக்கொண்டுதான் இரண்டு மணி நேரம் சண்டை.

அதே நகரத்தில், அதே வீடுகளில், இன்னொரு சண்டையும் நடந்திருக்கிறது. ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொடர் 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. பதினைந்து பருவங்கள், 327 பகுதிகள். பேய்களையும் பிசாசுகளையும் வேட்டையாடும் டீன், சாம் வின்செஸ்டர் என்ற அண்ணன் தம்பியின் கதை. அதன் ஐந்தாம் பருவத்து இறுதிப் பகுதியான ‘ஸ்வான் சாங்’ 2010 மே மாதம் வெளியானது. சாத்தான் தம்பியின் உடம்புக்குள் புகுந்துவிட்டான். மறுபுறம் தேவதூதன் மைக்கேல் நிற்கிறான். அவனும் சாத்தானும் சகோதரர்களே. அண்ணன் டீன் ஆயுதம் எதுவும் இல்லாமல் இடுகாட்டுக்கு வண்டி ஓட்டிப் போகிறான். தம்பியின் கையால் அடிபட்டுச் சாகக் கிடக்கும் நேரத்தில், சிறுவயதில் காருக்குள் செருகிவைத்த ஒரு பொம்மைச் சிப்பாய் தம்பியின் கண்ணில் படுகிறது. தம்பி விழித்துக்கொள்கிறான். சாத்தானைத் தனக்குள் அடைத்துக்கொண்டு குழிக்குள் குதிக்கிறான்.

கும்பகருணன் வதைப் படலம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சியின் எலும்புக்கூடு பழகியதாகத் தெரியும். போர்க்களத்தின் நடுவில் இரண்டு சகோதரர்கள். ஒருவன் மற்றவனை மீட்கப் பார்க்கிறான். பாசம் இருக்கிறது, ஆனால் அது போரை நிறுத்தவில்லை. வால்மீகியைக் காட்டிலும் கம்பன் இந்தச் சந்திப்பை வெகுவாக விரித்தான். சீதையை விட்டுவிடு என்று இராவணனிடம் சொன்னவன் கும்பகருணன். அதே இராவணனுக்காகச் சாகப் போகிறவனும் அவன்தான். தன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைக்கும்போது, சரியான பக்கம் எது என்று தெரிந்தே மறுக்கிறான். மூக்கும் காதும் இழந்து விழுந்தபின் இராமனிடம் அவன் கேட்பவை இரண்டு: இந்த முகத்தை யாரும் பார்க்காதபடி தலையைக் கடலில் போட்டுவிடு, என் தம்பி வீடணனைக் காப்பாற்று.

பட்டிமன்றத்தின் பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது. தோற்றவனுக்காக வாதாட வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. கும்பகருணன் அணியில் பெயர் விழுந்துவிட்டால், பக்தி எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் கண்ணால் காப்பியத்தைத் திரும்பப் படித்தாக வேண்டும். சோற்றுக்கடன் அறமாகுமா, உண்மை தெரிந்தும் குடும்பத்தை விட்டுப் போகாதவன் கோழையா வீரனா என்ற கேள்விகள் வகுப்பறையில் எழுவதைவிட மேடையில் சூடாக எழுகின்றன. 1939இல் காரைக்குடியில் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கியதும், பின்னாளில் குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவர் நாற்காலிக்கு ஒரு கனத்தைத் தந்ததும் இப்படிப்பட்ட வாசிப்பை ஊர் ஊராகப் பரப்பின. புத்தகம் வாங்காதவர்கள்கூடப் படலத்தின் பெயரைச் சொல்லுமளவுக்கு அது போனது. சிங்கப்பூரில் இதற்கு இன்னும் ஒரு பயன் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்த நிலையில், இரண்டு மணி நேரம் இடைவிடாமல் தமிழில் வாதம், மறுப்பு, கிண்டல், கைதட்டல் என்று ஓடும் ஒரு நிகழ்ச்சியை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

முதல் குறை கேள்வியிலேயே இருக்கிறது. ‘யார் சிறந்தவர்?’ என்று கேட்டவுடனே கதை மறைந்து மதிப்பெண் பட்டியல் வந்துவிடுகிறது. கும்பகருணன் போனதால்தான் வீடணன் வந்ததற்கு விலை இருக்கிறது. வீடணன் வந்ததால்தான் கும்பகருணன் போனதற்குத் துயரம் இருக்கிறது. ஒருவனை நீக்கினால் மற்றவன் சாதாரணப் பாத்திரமாகிவிடுவான். கம்பன் இருவரையும் ஒரே களத்தில் நிறுத்தியதன் காரணம் அது. பட்டிமன்றம் அந்த இருவரையும் பிரித்து இரண்டு மேசைகளில் உட்கார வைக்கிறது. முடிவில் நடுவர் எழுந்து, ‘இருவருமே சிறந்தவர்கள், ஆனாலும்…’ என்று இழுத்து ஏதோ ஒரு பக்கம் சாய்வார். அந்த ‘ஆனாலும்’ வரும்போது அவை கடைசி எம்ஆர்டி ரயிலை நினைத்துச் செருப்பைத் தேடத் தொடங்கியிருக்கும்.

அமெரிக்கத் தொடரின் ரசிகர்களும் இதே பள்ளத்தில் விழுந்தவர்கள்தான். அங்கே ‘சாம் ரசிகைகள்’, ‘டீன் ரசிகைகள்’ என்று இரண்டு கட்சி. இந்தப் பிளவு எவ்வளவு பெயர் பெற்றது என்றால், நான்காம் பருவத்தில் தொடரே அதைக் கதைக்குள் இழுத்துக் கேலி செய்தது: தங்கள் வாழ்க்கை புத்தகங்களாக வெளிவந்திருப்பதையும், அவற்றைப் படித்தவர்கள் கட்சி பிரிந்து கிடப்பதையும் சகோதரர்கள் கண்டு முழிக்கிறார்கள். கட்சி கட்டினால் ஒன்று நடக்கும். எந்தக் கட்சியிலும் சேராதவன் காணாமல் போவான். வின்செஸ்டர் சகோதரர்களுக்கு ஆதம் என்று வேறு தாய்க்குப் பிறந்த தம்பி ஒருவன் உண்டு. ‘ஸ்வான் சாங்’கில் மைக்கேல் புகுந்திருந்தது அவன் உடம்பில்தான். சாமோடு அவனும் குழியில் விழுந்தான். சாம் சீக்கிரமே மேலே வந்துவிட்டான். ஆதம் திரும்பக் கதைக்குள் வந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவனை நினைவில் வைத்திருந்தவர்கள் ரசிகர்களில் ஒரு சிறு கூட்டம் மட்டுமே. அந்த முணுமுணுப்புதான் 2014இல் வந்த இருநூறாவது பகுதியில், பள்ளி மாணவிகள் போடும் நாடகத்தில் ஒரு குத்தல் வசனமாக வந்து நின்றது.

நமக்கும் ஓர் ஆதம் இருக்கிறான். தயரதனுக்கு மக்கள் நால்வர். மேடையில் ஏறுவது மூவர். பதினான்கு ஆண்டு பரதனின் நிழலில் நின்ற சத்துருக்கனுக்கு எந்த அணியும் இல்லை. கம்பனில் அவனுக்குக் காட்சி குறைவுதான். ஆனால் குறைவான காட்சி உள்ளவனை எப்படி வாசிப்பது என்பதுதானே திறனாய்வு? காட்டுக்குப் போன அண்ணனுக்கும் நந்தியம்பதியில் தவம் கிடந்த அண்ணனுக்கும் நடுவில், யாரும் எதுவும் கேட்காத ஒருவன் என்ன நினைத்திருப்பான்? இந்தத் தலைப்பை யார் வைப்பார்கள் என்று காத்திருக்கிறேன். இலக்குவனின் மனைவி ஊர்மிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அண்ணன் தம்பிப் பாசத்துக்கு விலை கொடுத்த பெண்கள், சகோதரர் தலைப்புகளில் நகைச்சுவைக்குத்தான் எடுபடுகிறார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பட்டிமன்றம் பாத்திரங்களை விசாரிக்கிறது, முடிவை விசாரிப்பதில்லை. கம்பன் எங்கே நிறுத்தினான்? முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து அனுப்புவதோடு. உத்தர காண்டத்தை அவன் பாடவில்லை. தமிழில் அது ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாக வழங்குகிறது. அங்கேதான் சீதை மறுபடி காட்டுக்கு அனுப்பப்படுகிறாள். சகோதரர் கதைக்கு உண்மையான இறுதியும் அங்கேதான் இருக்கிறது. காலன் விதித்த நிபந்தனையால், வாழ்நாள் முழுவதும் பிரியாத இலக்குவனை இராமன் தன் வாயாலேயே விலக்க நேர்கிறது. இலக்குவன் சரயு நதிக்கரையில் உயிரை விடுகிறான். ‘பரதனா, இலக்குவனா?’ என்று தொண்டை வறளக் கத்துகிற மேடையில் அந்தக் காட்சி பேசப்படுவது அபூர்வம். கம்பன் பாடாததால் பேசவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஏன் பாடவில்லை என்ற கேள்வி இன்னும் நல்ல தலைப்பாயிற்றே!

இந்த ஓர் இடத்தில் ‘சூப்பர்நேச்சுரல்’ ரசிகர்களை நான் உயர்வாக மதிக்கிறேன். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து பருவத்துக்குத்தான் கதையை வகுத்திருந்தார். ஐந்தாவது முடிந்ததும் பொறுப்பிலிருந்து விலகினார். தொடர் மேலும் பத்துப் பருவம் ஓடியது. அதனால் ரசிகர்களிடம் நியாயமான ஒரு வழக்கு உண்டானது: கதை எங்கே முடிந்தது? குழியில் தம்பி விழுந்ததோடு முடிந்தது என்பவர்களுக்கு, அதே பகுதியின் கடைசி நொடியில் தெருவிளக்கின் கீழ் அவன் நிற்பதைக் காட்டியது தயாரிப்பாளரின் பேராசை. 2020இல் வந்த இறுதிப் பகுதிதான் முடிவு என்பவர்களுக்கு, அண்ணன் சாதாரண வேட்டையொன்றில் கம்பி குத்திச் செத்து, தம்பி கிழவனாகும்வரை வாழ்ந்தது பொருத்தமா அபத்தமா என்று தீராத வழக்கு. இதில் கூச்சலும் உண்டு. தாங்கள் விரும்பிய ஜோடி சேரவில்லை என்பதற்காக எழுத்தாளர்களை வசைபாடியவர்கள் நிறையப் பேர். ரசிகர் தன் ஆசையையே கதையின் தர்க்கம் என்று நம்பத் தொடங்கும்போது விவாதம் செத்துப்போகிறது. ஆனால், ஒரு கதைக்கு முடிவு எங்கே அமைய வேண்டும் என்ற கேள்வியை அவர்கள் விடாமல் கேட்டார்கள். நம் பட்டிமன்றம் அதைக் கேட்பதில்லை.

தமிழுக்கு அந்தத் துணிச்சல் இல்லாமல் இல்லை. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணாதுரை முதலில் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், அடுத்த மாதமே சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் மோதினார். ‘தீ பரவட்டும்’ என்று அந்த வாதங்கள் நூலாயின. கொளுத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த மேடைகளில் பணயம் ஒன்று இருந்தது. தோற்றால் எதையாவது இழக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதினார். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். யுத்த காண்டத்து இறுதியை ஏற்க முடியாத ஒரு வாசகரின் பதில் அது. 1946இல் புலவர் குழந்தை இராவணனை நாயகனாக்கி ‘இராவண காவியம்’ பாடினார். 1948இல் அரசு அதைத் தடைசெய்தது. தடை நீங்க 1971 ஆயிற்று. முடிவு பிடிக்காத ரசிகர்கள் தாங்களே வேறு கதை எழுதும் பழக்கம் இணையத்தோடு வந்ததாக நினைப்பவர்கள் இந்த இரண்டையும் படிக்கட்டும். மேடை செய்ய மறுத்த விசாரணையைக் கதையும் காவியமும் செய்திருக்கின்றன.

சிங்கப்பூருக்கும் இந்த மரபு அந்நியமல்ல. பெரியார் 1929இலும் 1954இலும் வந்துபோன ஊர் இது, கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கி, பழைய நம்பிக்கைகளைக் கேள்வி கேட்டு எழுதிய ஊர். இன்னொரு பக்கம், ஐவர் சகோதரர்களின் கதை இங்கே ஆண்டுதோறும் உடம்பால் நிகழ்த்தப்படுகிறது. தீபாவளிக்கு முன் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் நடந்து, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரௌபதைக்காகப் பூக்குழி இறங்குகிறார்கள். கேள்வி கேட்ட மரபும் உருகி நிற்கும் மரபும் ஒரே சாலையில் இருக்கின்றன. பட்டிமன்றம் இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல், நகைச்சுவைத் துணுக்குகளோடு பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறது. நடுவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருவதும் இதற்கு ஒரு காரணம். அவர் கொண்டுவரும் மாமியார் மருமகள் நகைச்சுவை எந்த ஊரிலும் எடுபடும்; அதனாலேயே இந்த ஊருக்கென்று அதில் எதுவும் இருக்காது.

இளையவர்கள் வருவதில்லை என்று ஏற்பாட்டாளர்கள் குறைப்படுகிறார்கள். அண்ணன் தம்பிக் கதைகளில் இளையவர்களுக்கு ஆர்வம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஒரு தொடரின் இறுதிப் பகுதியில் அண்ணன் செத்தது நியாயமா என்று தேக்கா உணவங்காடியில் தேநீர் ஆறிப்போகும்வரை பேசக்கூடிய பிள்ளைகள் அவர்கள். ‘சிறந்தவர் யார்?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொறுமை எனக்கும் தீர்ந்துவிட்டது.

எனவே அடுத்த ஏப்ரலுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கம்பன் நிறுத்திய இடத்தில் நிறுத்தியது சரியா, தவறா?’ என்று வையுங்கள். இரு அணியிலும் இருபது வயதுக்காரர் ஒருவராவது இருக்கட்டும். அவர் வின்செஸ்டர் சகோதரர்களைச் சான்றுக்கு இழுத்தால் மணியடிக்காதீர்கள். நடுவரை உள்ளூரிலேயே பிடியுங்கள். சத்துருக்கனுக்காகப் பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.